நம்பர் தேய்ந்த துப்பாக்கி

என் அக்கா புருஷனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெட்டைக்குழல் என்றால்தான் பால்காரருக்கும் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தினமும் சைக்கிளில் பேங்க்குக் காவலுக்குப் போகிற மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எனக்கு மட்டும் அவர் மாமா.

துப்பாக்கி வைத்திருக்கிறவர் என்றதும் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற ஆளாக நினைத்துவிட வேண்டாம். மாமா சரியான பயந்தாங்கொள்ளி. நான் மோட்டார் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். அங்கே ஒரு டயர் வெடித்தால் காதைப் பொத்திக்கொண்டு தெருவுக்கு ஓடுவார். நூல் மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். மில்லை மூடினார்கள். கொஞ்ச காலம் கம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு குடோன் வாசலில் நின்றார். அப்போதுதான் யாரோ சொல்லியிருக்கிறார்கள், சொந்தத் துப்பாக்கியும் லைசென்ஸும் இருந்தால் பேங்க்கில் எடுத்துக்கொள்வார்கள், சம்பளமும் இரண்டு மடங்கு என்று. அக்காவின் வளையல்கள் துப்பாக்கியாக மாறின. லைசென்ஸுக்காக ஸ்டேஷனுக்கும் ஆபீஸுக்கும் நடந்து அவர் செருப்புத் தேய்ந்த கதையைச் சொன்னால் அது தனிக் கதை. நல்லவன் என்று பக்கத்து வீட்டில் சொல்ல வேண்டும், பைத்தியம் இல்லை என்று டாக்டர் சொல்ல வேண்டும்.

வாங்கிய அன்று கடைக்காரர் பின்கட்டில் மணல் மூட்டையை வைத்து இரண்டு குண்டு சுடச் சொன்னார். மாமா கண்ணை மூடிக்கொண்டு சுட்டார். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை அவருக்கு. அதற்குப் பிறகு அந்தத் துப்பாக்கி வாய் திறக்கவே இல்லை. இருபது வருஷமாக பேங்க் வாசலில் நின்றதோடு சரி.

ஆனால் அதை அவர் பார்த்துக்கொண்ட மாதிரி எந்த ராணுவத்திலும் பார்த்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய பேப்பரை விரித்து, அக்காவின் தையல் மெஷின் எண்ணெய்ப் பாட்டில், பனியன் துணி, உப்புத்தாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தாரென்றால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். கொஞ்சநஞ்சமல்ல, கை குலுக்கினால் நாம் துடைத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியைக் குறுக்காகப் பிடித்து நிற்கும்போது இடது கை அதன் அடிவயிற்றைத் தாங்கியபடி இருக்கும். விசைக்குச் சற்று முன்னால், சரியாக அந்த இடத்தில், வாரா வாரம் வேர்வை பட்டுச் செம்புள்ளியாகத் துரு கிளம்பும். வாரா வாரம் மாமா உப்புத்தாளால் அதைத் தேய்த்து எடுப்பார். பேங்க் மேனேஜர் வாடிக்கையாளர்களிடம், "எங்க கார்டு துப்பாக்கியைப் பாத்து நீங்க தலை வாரிக்கலாம்" என்று பெருமையடிப்பார். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

நின்று நின்று அந்த இடது கை குழிந்தபடியே பழகிவிட்டது. தூங்கும்போதும் அப்படித்தான். அக்கா விளையாட்டாக அதில் நூல்கண்டை வைப்பாள். விரல்கள் தானாக மூடிக்கொள்ளும். அதைப் பார்த்து அவர்கள் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்தப் பெண் இப்போது வெளியூரில் நர்ஸ் படிப்பு படிக்கிறது. படிக்க வைப்பது அந்தத் துப்பாக்கிதான் என்று மாமா அடிக்கடி சொல்வார். சும்மா சொல்லவில்லை, உண்மையே அதுதான்.

இந்த வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போது நானும் போனேன். துப்பாக்கியோடு பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். சைக்கிளுக்கு ஸ்டேஷன் தூரம். என் பைக்கின் பின்னால் மாமா குழலை வானத்தைப் பார்த்துப் பிடித்தபடி உட்கார்ந்துவந்தார். ஸ்டேஷனில் அன்றைக்குத் துப்பாக்கிக்காரர்கள் கூட்டம். நகைக்கடைக்காரர் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு நாற்காலியில் இருந்தார். தோட்ட முதலாளி ஒருவர் ரைபிளை பேட்மின்டன் பையில் கொண்டுவந்திருந்தார், அவருக்கும் நாற்காலி. மற்றபடி மாமா மாதிரி காவல்காரர்கள் எல்லாரும் பெஞ்சில், ஆளுக்கொரு துப்பாக்கியை முழங்காலுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு. ஒரு கூட்டம் ஆயுதம் வைத்திருந்தும் அத்தனை பேரும் ஏட்டு தும்மினால் எழுந்து நின்றார்கள்.

எப்போதும் நடப்பது இதுதான்: ஏட்டு லைசென்ஸைப் பார்த்து நம்பரை உரக்க வாசிப்பார். மாமா "ஆமா சார்" என்பார். முத்திரை விழும். துப்பாக்கியை யாரும் புரட்டிக்கூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை புதுசாக உத்தரவு வந்திருந்தது. துப்பாக்கியில் அடித்திருக்கிற நம்பரை போனில் படம் பிடித்துக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமாம்.

ஏட்டு துப்பாக்கியை மல்லாக்கப் போட்டார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு எடுத்துக்கொண்டு போனார்.

"ரெட்டைக்குழல், நம்பர் எங்கய்யா?"

"அங்கதான் சார், விசைக்கு முன்னாடி."

"விசைக்கு முன்னாடி என் மூஞ்சிதான்யா தெரியுது!"

பெஞ்சில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாமா எழுந்து போய் அந்த இடத்தை விரலால் தடவினார். திரும்பத் திரும்பத் தடவினார். பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது முகம். "நாலு, ஏழு, ஒண்ணு, சைபர், ஆறு" என்று வேகமாகச் சொன்னார். "எனக்கு மனப்பாடம் சார். நாலு, ஏழு, ஒண்ணு..."

"நீ சொல்லி என்னய்யா பிரயோஜனம்? துப்பாக்கியில்ல சொல்லணும்!"

ஏட்டு அவரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு வந்து குரலைத் தாழ்த்தினார். "இன்னிக்கு நான் எதையும் பாக்கல. எஸ்.ஐ. அம்மா கோர்ட்டுக்குப் போயிருக்காங்க. திங்கக்கிழமை அவங்களே உக்காந்து பாக்கப் போறாங்க. நம்பரை அழிச்ச துப்பாக்கின்னா என்ன அர்த்தம் தெரியுமா? திருட்டுத் துப்பாக்கி. உள்ள வச்சிருவாங்க. அதுக்குள்ள ஏதாவது வழி பாரு."

வழியில் நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். "இரும்பைப் போய் எவனாவது இருபது வருஷம் தேய்ப்பானா? அதென்ன துப்பாக்கியா, வெள்ளிக் கிண்ணமா?" பின்னால் உட்கார்ந்து அவர் மூச்சு விடுவது மட்டும் என் பிடரியில் பட்டது.

வீட்டில் அக்காவுக்குச் சொன்னதும் அவள் முதலில் நம்பவில்லை. துப்பாக்கியை வெயிலுக்குக் கொண்டுவந்து சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஊசியில் நூல் கோக்கிற கண் அவளுக்கு. அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. "நல்லா வச்சிருக்கணும்னுதானே தேய்ச்சாரு" என்றாள் என்னிடம், நான்தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதைப் போல.

துப்பாக்கி வாங்கிய கடைக்குப் போனோம். அங்கே இப்போது செருப்பு விற்கிறார்கள். பழைய முதலாளி செத்துப்போய் வருஷங்கள் ஆகின்றனவாம். மேனேஜரிடம் போனோம். அவர் பாவம், நல்ல மனுஷன்தான், ஆனால் சட்டென்று நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். "மாசக் கடைசியோட லைசென்ஸ் முடியுது. புதுசைக் காட்டலேன்னா மேலிடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. என் கையில ஒண்ணும் இல்லப்பா." இதே ஆள்தான் அந்தத் துப்பாக்கியில் தலை வாரச் சொன்னவர். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

மாமா சாப்பிடுவதை விட்டார். ராத்திரி எழுந்து எழுந்து அந்த இடத்தைத் தடவிப் பார்க்கிறார் என்று அக்கா அழுதாள். "நம்பர் திரும்ப முளைக்குமா?" என்று ஒரு தடவை என்னைக் கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை.

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். என் ஒர்க்‌ஷாப்பில் நம்பர் பஞ்ச் இருக்கிறது. சைபரிலிருந்து ஒன்பது வரை விரல் நீள இரும்புக் குச்சிகள். நுனியில் எண் புடைத்திருக்கும். இரும்பின்மேல் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டால் அழுத்தமாகப் பதிந்துவிடும். எண்ணெயும் கரியும் தடவினால் இருபது வருஷப் பழசாகிவிடும். ஐந்து அடி, அவ்வளவுதான் வேலை.

ஞாயிற்றுக்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் துப்பாக்கியை வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினேன், காயம் படாமல் சாக்குத்துணி சுற்றி. முதலில் ஒரு துண்டு இரும்பில் அடித்துக் காட்டினேன். நாலு, ஏழு, ஒன்று, சைபர், ஆறு. அழகாக விழுந்தது. மாமா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"இந்த நாலு இல்லடா. அதுல நாலுக்கு மேல திறந்திருக்கும். ஏழுக்கு நடுவுல ஒரு சின்னக் கோடு இருக்கும்."

"யாரு மாமா போய் அளந்து பாக்கப் போறா?"

"நான் பாப்பேனே."

அவர் அந்தத் துண்டு இரும்பைக் கீழே வைத்தார். பிறகு என் கையிலிருந்த சுத்தியலை வாங்கி அதையும் வைத்தார். "நாளைக்கு அந்தம்மா கண்டுபிடிச்சா யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க. எனக்கு அடி தாங்காதுடா, உன் பேரைச் சொல்லிருவேன். வேணாம். உனக்கு ரெண்டு பிள்ளைங்க." வைஸைத் தானே தளர்த்தி, துப்பாக்கியை எடுத்து, சாக்கு நூல் ஒட்டியிருந்ததை ஊதிவிட்டார். எனக்கு அவர்மேல் அப்போது வந்த கோபத்தில் அழுகையும் சேர்ந்தே வந்தது. ஷட்டரை மேலே தள்ளித் திறந்துவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றுகொண்டேன்.

திங்கட்கிழமை எஸ்.ஐ. அம்மா முன்னால் துப்பாக்கியை வைத்து, கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். "நம்பர் போயிருச்சும்மா. இடது கை வேர்வையில துரு ஏறும், நான்தான் தேய்ச்சிட்டேன்." அந்தம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. துப்பாக்கியைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். மலிவான துப்பாக்கி அது. வேறு எங்கும் நம்பர் கிடையாது. பிறகு மாமாவின் இடது உள்ளங்கையை விரித்துக் காட்டச் சொன்னார். வேர்வையில் நனைந்திருந்தது.

"நான் உங்களை நம்புறேங்க. ஆனா இதைத் திருப்பிக் குடுத்து, நாளைக்கு யாராவது திருடிட்டுப் போய் எங்கயாவது சுட்டுட்டா, அது யார் துப்பாக்கின்னு நான் எதை வச்சுச் சொல்றது? லேபுக்கு அனுப்புறேன். ஆசிட் ஊத்திப் பாப்பாங்க. சில நேரம் அழிஞ்ச நம்பர் மேல வரும். வந்துச்சுன்னா உங்க துப்பாக்கி உங்களுக்கு."

"மாசக் கடைசிக்குள்ள வந்துருமாம்மா?"

அந்தம்மா ஏட்டைப் பார்த்தார். ஏட்டுதான் மெதுவாக, "லேபுக்கு எப்ப எடுத்துட்டுப் போறாங்கன்னே எங்களுக்குத் தெரியாது" என்றார். துப்பாக்கியில் ஒரு அட்டையைக் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள். மாமாவின் இடது கை குழிந்தபடி மேஜைமேல் அப்படியே இருந்தது. நான்தான் பிடித்துக் கீழே இறக்கிவிட்டேன்.

மாசக் கடைசி வந்தது. பேங்க்கில் வேறு துப்பாக்கி, வேறு ஆள்.

வேலை போனதற்கு மாமா அழவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன், ஒரு சொட்டு விடவில்லை. ஆனால் தினமும் குளித்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்டேஷன் வாசலில் போய் நிற்க ஆரம்பித்தார். சட்டைப்பையில் தையல் மெஷின் எண்ணெய்ப் பாட்டில். துப்பாக்கி இன்னும் லேபுக்குப் போகவில்லை, உள்ளே இருட்டறையில் ஏதோ மூலையில் கிடக்கிறது என்று ஏட்டு சொல்லியிருக்கிறார். அக்கா என்னை அனுப்பினாள், கூட்டிக்கொண்டு வரச் சொல்லி. நான் போனபோது எஸ்.ஐ. அம்மா ஜீப்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். மாமா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அம்மா, ஒரு சொட்டு எண்ணெய் மட்டும் விட்டுட்டுப் போயிடுறேன்."

"அது இப்ப சாட்சிப் பொருள்ங்க. நீங்க தொடவே கூடாது."

"நான் தொடலம்மா. நீங்களே விடுங்க. இந்தாங்க, பாட்டில். குழல் ரெண்டுலயும் ஒரு சொட்டு, கீழ ஒரு சொட்டு. தேய்க்கக்கூட வேணாம். மழைக்காலம்மா. ஈரம் ஏறிரும். துரு பிடிச்சிரும்மா."

சொல்லும்போதே உடைந்துவிட்டார். நடுத்தெருவில், டீக்கடையில் அத்தனை பேர் பார்க்க, கையில் எண்ணெய்ப் பாட்டிலை நீட்டிக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். அந்தம்மா பாட்டிலை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. உள்ளே போய்விட்டார். என் மாமாவை அந்த நிலைமையில் பார்த்ததற்கு என் கண்ணைப் பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது. தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டு வந்தேன். பைக்கில் உட்கார்ந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "விடுவாங்களாடா?"

"விடுவாங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

மழை முழுக்கப் பெய்து ஓய்ந்தது. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறேன் என்றாள். அக்கா போனிலேயே அவளை அறைகிற மாதிரி கத்தினாள். ராத்திரி பகல் பார்க்காமல் ஜாக்கெட் தைத்தாள். நானும் என்னால் முடிந்ததைச் செய்தேன், அதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

லேப் முடிவு வந்த அன்று ஏட்டு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். எஸ்.ஐ. அம்மாவே படித்துச் சொன்னார். ஒரே அடியாக யாரும் நம்பரை அழிக்கவில்லை. பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்திருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் தேய்ந்தது மிகவும் ஆழம், எவ்வளவு ஆசிட் ஊற்றியும் நம்பர் வரவில்லை.

"உங்கமேல கேஸ் கிடையாதுங்க" என்றார் அந்தம்மா. "ஆனா துப்பாக்கியைக் குடுக்க முடியாது. அழிச்சிருவாங்க."

கடைசியாக ஒரு தடவை பார்க்க விட்டார்கள். கட்டியிருந்த துணியை ஏட்டு பிரித்தார். குழல் இரண்டும் மேலிருந்து கீழ்வரை செங்கல் நிறத்தில் இருந்தன. ஆசிட் ஊற்றிய இடம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. மாமாவின் கை தன்பாட்டுக்குச் சட்டைப்பைக்குப் போனது, உப்புத்தாளைத் தேடித்தான் இருக்கும். பையில் ஒன்றும் இல்லை. "இனிமே தேய்ச்சாலும் போகாது" என்று ஏட்டிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

இப்போது ஒரு அடுக்குமாடி வீட்டு கேட்டில் நிற்கிறார். அங்கே கம்புகூடக் கிடையாது. ஒரு விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காக்கிச் சட்டை வெளுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார மாட்டேன் என்கிறார். பழைய மாதிரியே நெஞ்சை நிமிர்த்தி, வலது கையை இடுப்போடு சேர்த்து, இடது கையைக் குழித்து முன்னால் நீட்டியபடி நிற்கிறார். கையில்தான் ஒன்றும் இல்லை.

போன வாரம் அக்கா கொடுத்த சாப்பாட்டுத் தூக்கோடு அங்கே போனேன். தூரத்தில் வரும்போதே பார்த்தேன். உள்ளேயிருந்து ஒரு கார் வந்தது. மாமா கேட்டைத் திறந்துவிட்டு ஓரமாக விறைத்து நின்றார், இடது கை குழிந்து முன்னால். காரில் இருந்த ஒரு அம்மா கண்ணாடியை இறக்கினார். அந்தக் கையைப் பார்த்தார். பர்ஸில் துழாவி ஒரு காசை எடுத்து அதில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மாமாவின் விரல்கள் தானாக மூடிக்கொண்டன.

நான் ஓடினேன். அந்தக் காரைத் துரத்திப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருந்தது. மாமா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். கையை விரித்தார். காசு வேர்வையில் மினுங்கியது. அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

"பாருடா," என்றார், "இதுல நம்பர் எவ்வளவு நல்லாத் தெரியுது."

சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் அதைத் தேய்க்க ஆரம்பித்தார். நான் அவர் கையிலிருந்து காசைப் பிடுங்கிக்கொண்டு, சாப்பாட்டுத் தூக்கை அந்தக் கையில் கொடுத்தேன்.